கூடாரம், கேரவன், மோட்டார்ஹோம்: பிரிட்டனில் முகாம் விடுமுறைக்குத் தேர்ந்தெடுப்பதும் மேம்படுத்துவதும்

ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கூடாரத்தை விட்டுவிட்டு, காரின் பின்னால் இழுத்துச்செல்லும் வீடான கேரவன் ஒன்றை வாங்கலாமா, அல்லது ஒரேயடியாகத் தானே ஓடும் வீடான மோட்டார்ஹோமுக்கே போய்விடலாமா என்பதுதான் அது. லண்டன் புறநகரில் வாழும் எங்கள் குடும்பம் ஒன்பது கோடைகளைக் கூடாரத்தில் கழித்த பிறகு பழைய கேரவன் ஒன்றை வாங்கியது. மோட்டார்ஹோமை மூன்று முறை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அடுத்த படிக்கு ஏற நினைப்பவர்களில் பலருடைய தொல்லை, இப்போது அவர்களிடம் இருப்பதிலேயே உள்ள ஒரு குறிப்பிட்ட குறையில் தொடங்குகிறது என்பதை இந்த ஆண்டுகளில் கண்டுகொண்டேன். அந்தக் குறை எது என்று கண்டுபிடித்துத் தீர்த்துவிட்டால், ஆயிரக்கணக்கான பவுண்டுகள் கையில் மிஞ்சும்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் சில கேள்விகளுக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து விடை எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு உண்மையில் எத்தனை இரவுகள் வெளியே தங்குகிறீர்கள்? எந்த மாதங்களில்? யார் யார் வருகிறார்கள்? போன இடத்தில் ஒரு வாரம் நிலையாக இருப்பீர்களா, நாள்தோறும் இடம் மாறுவீர்களா? ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் பத்து இரவுகள் தங்கும் இளம் குடும்பத்துக்கு நல்ல கூடாரம் போதும். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு, நள்ளிரவில் ஈரப் புல்லில் நடந்து கழிப்பறைக்குப் போகும் சிரமமே முதன்மையானது என்பதால், உள்ளேயே கழிப்பறை கொண்ட கேரவன் பொருத்தமானது. ஒரே இடத்தில் தங்கி, பகலில் காரைத் தனியே எடுத்துக்கொண்டு சுற்றுபவர்களுக்குக் கேரவன் நல்லது. ஸ்காட்லாந்தின் வடகரை போன்ற நீண்ட பாதையில் நாளுக்கு ஓர் ஊராகப் போக விரும்புபவர்களுக்கு மோட்டார்ஹோம் நல்லது. இந்தக் கடைசி வேறுபாட்டைக் கவனிக்காமல் மோட்டார்ஹோம் வாங்கியவர்களுக்கு, பால் வாங்கப் போவதற்கும் மேசையை மடக்கி, மின்கம்பியைக் கழற்றி, முழு வீட்டையும் ஓட்டிச்செல்ல நேர்கிறது.

கூடாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கூடாரப் பெட்டியில் ‘4 பேருக்கு’ என்று அச்சிட்டிருந்தால், தோளோடு தோள் நெருங்கிப் படுக்கும் நால்வருக்கு இடம் உண்டு என்பதே அதன் பொருள். பைகள், காலணிகள், மழை நாளில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் ஆகியவை அந்தக் கணக்கில் சேரவில்லை. குடும்பத்தின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். நால்வருக்கு ஆறு பேர் கூடாரம். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் வேறு தொல்லைகள் வரும்: தளத்தில் உங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் அடங்காது, காரின் பின்பகுதியை முழுவதும் பிடித்துக்கொள்ளும், காற்றுக்கு அதிகம் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

துணியின் நீர்த்தாங்கு திறனை ‘ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட்’ என்ற அளவால் குறிக்கிறார்கள். துணியின்மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதே அந்த எண். 1500 மில்லிமீட்டர் என்பது நீர்புகாத் துணி என்று சொல்லிக்கொள்வதற்கான குறைந்த அளவு. பிரிட்டனின் மேற்குக் கரை மழைக்கு 3000-க்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெம்ப்ரோக்‌ஷயரில் ஓர் ஆகஸ்ட் இரவு எங்கள் கூடாரத்துக்குள் நீர் தேங்கியபோது, துணி கசிந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். விடிந்ததும் பார்த்தால், தரையைக் காக்க அடியில் விரித்திருந்த உறையின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது; கூரையிலிருந்து வழிந்த நீர் முழுவதும் அந்த ஓரத்தில் விழுந்து, இரண்டு விரிப்புகளுக்கும் இடையில் ஓடி, நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு அடியில் குளமாகியிருந்தது. அடிவிரிப்பு எப்போதும் கூடாரத்தின் எல்லைக்குள் மடங்கியிருக்க வேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது. அந்தக் கூடாரத்தை அதன்பின் நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினோம்.

பாலியெஸ்டர் துணி இலேசானது, விரைவில் காய்வது, விலை குறைந்தது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த பாலிகாட்டன் துணி, வெயிலில் உள்ளே அனலாகாமலும் மூச்சு ஈரத்தை வெளியேவிட்டும் மிக இதமாக இருக்கும். மழை ஓசையும் அதில் மெல்லியதாகவே கேட்கும். நனைந்தால் பருத்தி இழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால், புதிய பாலிகாட்டன் கூடாரத்தை முதல் பயணத்துக்கு முன் ஓரிரு முறை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். அதன் எடை அதிகம். ஈரத்தோடு மடித்துவைத்தால் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில், கூடாரத்தை விரித்துக் காயவைக்கத் தோட்டமோ கராஜோ இல்லாதவர்களுக்கு நான் பாலிகாட்டனைப் பரிந்துரைப்பதில்லை.

கம்புகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த குழாய்கள் தாங்கும் கூடாரங்கள் இப்போது பரவலாகிவிட்டன. கைப்பம்பால் குழாய்களுக்குக் காற்றடித்துவிட்டால் ஒருவரே பெரிய கூடாரத்தை நிறுத்திவிடலாம். பலமான காற்றில் குழாய் வளைந்து மீண்டும் நிமிரும். கண்ணாடியிழைக் கம்பு அப்படிப்பட்ட காற்றில் பிளந்துவிடுவதும் உண்டு. எடையும் விலையும் கூடுதல் என்பதே காற்றுக் கூடாரத்தின் குறை. குழாயில் ஓட்டை விழுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. உள்குழாயைத் தனியே எடுத்து ஒட்டவோ மாற்றவோ முடியும் என்பதால் அதைப் பெரிய தடையாக நான் கருதுவதில்லை.

கையிலுள்ள கூடாரத்தை மேம்படுத்த நினைப்பவர்கள் தரையிலிருந்து தொடங்க வேண்டும். இரவில் உடலின் வெப்பத்தை மண்ணே பெரிதும் உறிஞ்சுகிறது. வெறும் காற்று மெத்தைக்குள் குளிர்காற்று சுழன்றுகொண்டே இருப்பதால், அதன்மேல் எத்தனை போர்வை போட்டாலும் முதுகு குளிரும். மெத்தையின் வெப்பத்தடையை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள்; ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தங்குவதற்கு 3 அல்லது 4 உள்ள மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கப்பை வாங்கும்போது ‘கம்ஃபர்ட்’ என்று குறித்த வெப்பநிலையை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற எண் உயிர் பிழைத்திருப்பதற்கான எல்லையைக் காட்டுவது, உறக்கத்துக்கானது அல்ல. அடுத்ததாக, கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகளை எடுத்துவைத்துவிட்டு, கல் தரைக்கு உறுதியான எஃகு முளைகளும் கடற்கரை மணலுக்கு நீளமான அகன்ற முளைகளும் வாங்குங்கள். பழைய துணியில் மழைத்துளி முத்தாக உருளாமல் ஊறி நின்றால், நீர்விலக்கும் திரவத்தைத் தெளிப்பானால் அடித்துப் புதுப்பிக்கலாம். தையல்களுக்குத் தனியே பசை உண்டு. உள்ளே பூசிய படலம் ஒட்டும் தன்மையோடு உரிந்து வந்தால் அந்தக் கூடாரத்தின் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

காலையில் உட்கூரையில் துளிகள் நிற்பதைக் கசிவு என்று எண்ணிக் கூடாரத்தை மாற்றியவர்களை அறிவேன். பெரும்பாலும் அது உறங்குபவர்களின் மூச்சு ஈரமே. குளிரும் என்று அஞ்சிக் காற்றுவழிகளை அடைத்துவைப்பதால் அது பெருகுகிறது. மேலும் கீழும் உள்ள வழிகளை இரவு முழுவதும் திறந்துவையுங்கள்.

எடைக் கணக்கு

சக்கரம் உள்ள எதற்கும் எடையே முதல் விதி. இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இங்கே தவறினால் அது சாலையில் பிறரின் உயிரையும் பாதிக்கும்.

கேரவனின் கதவருகே ஒட்டிய தகட்டில் அதன் உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். பொருள்கள் எல்லாம் ஏற்றிய பிறகு அது தாண்டக் கூடாத எல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதுள்ள எடை இன்னொரு எண். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. பல கேரவன்களில் இது 100 முதல் 200 கிலோ வரைதான் இருக்கிறது. உணவு, உடை, நாற்காலிகள், முன்கூடாரம், எரிவாயு உருளை, மின்கம்பி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மேம்பாடும் இதிலிருந்தே கழிகிறது. கேரவனைத் தானே நகர்த்தும் ‘மோட்டார் மூவர்’ என்ற கருவியைப் பொருத்தினால் சுமார் 30 கிலோ போய்விடும். 110 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி சுமார் 25 கிலோ. நம் வீடுகளில் வழக்கமாக ஏற்றும் 10 கிலோ அரிசி மூட்டை, இட்லிப் பானை, பிரஷர் குக்கர், ஆட்டுக்கல் அளவுக்குக் கனமான இரும்புத் தோசைக்கல் ஆகியவற்றையும் இதே கணக்கில் எழுத வேண்டும். அவற்றைக் காரிலேயே ஏற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது காருக்கும் கேரவனுக்கும் உள்ள விகிதம். புதிதாக இழுப்பவர்களுக்கு, கேரவனின் உச்ச எடை காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் கூறும் அறிவுரை. 1600 கிலோ காருக்கு இது 1360 கிலோ. இது சட்டம் அன்று. ஆனால் கார் உற்பத்தியாளர் குறித்த இழுப்பு எல்லையும், காரின் தகட்டில் உள்ள மொத்த இணைப்பு எடையும் (காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை) தாண்டக் கூடாதவை. கேரவனைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அதை இழுக்கப் பெரிய கார் தேடுபவர்கள் இரண்டு கடன்களில் சிக்குகிறார்கள். காரின் எண்ணிலிருந்து தொடங்குங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். சில மாதிரிகளுக்கு இழுக்க அனுமதியே இல்லை, அனுமதியுள்ளவற்றிலும் ஒரே மின்னூட்டத்தில் போகக்கூடிய தூரம் பாதியளவுக்குக் குறையலாம்.

இணைப்புக் கொண்டியின்மேல் கேரவன் செலுத்தும் அழுத்தம், ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும். அது கொண்டிக்கும் காருக்கும் குறித்த எல்லைகளில் எது குறைவோ அதையும் தாண்டக் கூடாது. கனமான பொருள்களை அச்சுக்கு மேலே, தரையோடு தாழ்வாக வையுங்கள். பின்பக்கத்தில் கனத்தை ஏற்றினால் மூக்கு இலேசாகி, வேகத்தில் கேரவன் பாம்புபோல நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் திடீரென்று பிரேக் போடாமலும் வேகத்தைக் கூட்டாமலும், காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். கொண்டியைப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உள்ள கேரவனின் இணைப்புக் குண்டில் கிரீஸ் தடவக் கூடாது என்பதும் புதியவர்கள் அறியவேண்டியது. அதன் உராய்வுப் பட்டைகள் கிரீஸ் பட்டால் பயனற்றுப்போகும்.

உரிமம் குறித்த விதி எளிதாகிவிட்டது. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரணக் கார் உரிமம் உள்ளவர்கள் தனித் தேர்வு எழுதாமலேயே 3500 கிலோ வரையான இழுவண்டியை இழுக்கலாம். மோட்டார்ஹோமுக்கு வேறு கணக்கு. 1997 ஜனவரி 1-க்கு முன் கார்த் தேர்வில் தேறியவர்களின் உரிமத்தில் பொதுவாக சி1 பிரிவும் சேர்ந்திருப்பதால் 7500 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதில் அதைத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை தேவை. அதற்குப் பின் தேறியவர்கள் 3500 கிலோவோடு நின்றுகொள்ள வேண்டும். வெளிநாட்டு உரிமத்தை மாற்றிப் பெற்றவர்கள், உரிம அட்டையின் பின்புறத்தில் எந்தப் பிரிவுகள் உள்ளன என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கேரவனை இழுக்கும்போது நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலைகளில் மணிக்கு 50 மைல், நடுத்தடுப்பு உள்ள இரட்டைச் சாலைகளிலும் மோட்டார்வேயிலும் 60 மைல் என்பது எல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலதுகோடித் தடத்தில் போகக் கூடாது. கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டிய கண்ணாடிகள் கட்டாயம்.

பழைய கேரவனை வாங்கும்போது

புதிய கேரவனின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் குறைவதால், நான்கைந்து ஆண்டுகள் ஓடியதை வாங்குவதே நடுத்தரக் குடும்பத்துக்குச் சிக்கனமானது. ஆனால் பழைய கேரவனின் கொடிய நோய் ஈரம். கூரை இணைப்புகளிலும் சன்னல் ஓரங்களிலும் நுழையும் நீர், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பல ஆண்டுகள் சத்தமின்றி அரிக்கிறது. வெளியே தெரியும்போது பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடும். நாங்கள் முதலில் பார்த்த கேரவன் மிகத் தூய்மையாக, நறுமணம் தெளித்து வைக்கப்பட்டிருந்தது. முன்சன்னலுக்குக் கீழே இருந்த மெத்தையைத் தூக்கி, பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது பலகை பஞ்சுபோல உள்ளே போனது. விற்பவர் அதை அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது, வணங்கிவிட்டுத் திரும்பினோம்.

ஈரமானி ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு போவது வீண் செலவாகாது. 15 விழுக்காட்டுக்குக் குறைவான அளவீடு கவலைக்குரியதல்ல. 20-ஐத் தாண்டினால் காரணம் கேட்க வேண்டும். 30-ஐத் தொட்டால் விலகிவிடுங்கள். மூலைகள், சன்னல்களின் கீழ்ப்புறம், அலமாரிகளின் உட்பக்கம், கழிப்பறைத் தரை, கூரைச் சாளரத்தைச் சுற்றிய பகுதி ஆகியவற்றை ஒன்றுவிடாமல் அளக்க வேண்டும். நடக்கும்போது தரை அமிழ்ந்து கிரீச்சிட்டால், தரைப்பலகையின் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். 2010-க்குப் பிறகு பிரிட்டனின் உற்பத்தியாளர்கள் படிப்படியாக மரமில்லாத சட்டங்களுக்கு மாறியதால், அந்த வகையைத் தேடுவது நல்லது. அதிலும் அளந்து பார்ப்பதை விடக் கூடாது.

1992 முதல் தயாரான பிரிட்டிஷ் கேரவன்களுக்கு 17 இலக்க அடையாள எண் உண்டு; அது சன்னல் கண்ணாடிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கும். சிஆர்ஐஎஸ் என்னும் பதிவகத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, வண்டி திருடப்பட்டதா, கடன் பாக்கி உள்ளதா என்று சரிபாருங்கள். கேரவனுக்கு எம்ஓடி என்னும் ஆண்டு வாகனத் தகுதிப் பரிசோதனை கிடையாது என்பதால், ஆண்டுதோறும் சர்வீஸ் செய்த சான்றுகளே அதன் உடல்நல வரலாறு. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே நின்ற இடத்தில் முதுமையடைந்து வெடித்துவிடும். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ஐந்து ஆண்டுகள் ஆனதும் மாற்றத் திட்டமிடுங்கள், ஏழு ஆண்டுகளைத் தாண்டவே விடாதீர்கள். வாங்கிய கேரவனுக்குச் செய்யும் முதல் மேம்பாடு டயர்களாகவே இருக்கட்டும்.

நிறுத்துமிடத்தையும் வாங்குமுன் முடிவுசெய்ய வேண்டும். பல வீட்டுப் பத்திரங்களில் முன்வாசலில் கேரவன் நிறுத்தத் தடை விதிக்கும் வாசகம் இருக்கிறது. பாதுகாப்பான வாடகைக் கிடங்கின் ஆண்டுக் கட்டணம், காப்பீடு, சர்வீஸ் ஆகிய மூன்றையும் கூட்டி, நீங்கள் தங்கும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்து இரவுகளுக்குக் குறைவாகத் தங்குபவர்களுக்கு, ஓர் இரவின் செலவு விடுதி அறையின் வாடகையைத் தாண்டிவிடலாம்.

மோட்டார்ஹோம்

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பங்கு ஃபியட் டுக்காட்டோவின் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டவை. ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் ஆகியவையும் உண்டு. டிரான்ஸ்போர்ட்டர் அளவுள்ள சிறிய கேம்பர்வேன் அன்றாடக் காராகவும் பயன்படும். மேலே உயர்த்தக்கூடிய கூரை தாழ்ந்த நிலையில் அதன் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், நெடிய வண்டிகள் நுழைய முடியாத பல வாகன நிறுத்தங்களுக்குள்ளும் அது போய்விடும். டுக்காட்டோ வேன் 2.6 மீட்டர் அளவுக்கு உயரம் கொண்டது. கடற்கரை நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயரத்தடைக் கம்பிகள் இருப்பதால், வண்டியின் உயரத்தை ஓட்டுநரின் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

லண்டனில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல், புகை மிகுந்த வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் அல்ட்ரா லோ எமிஷன் ஸோன் எல்லா லண்டன் பரோக்களுக்கும் விரிந்துவிட்டது. யூரோ 6 என்னும் புகை வெளியீட்டுத் தரத்தை எட்டாத, 3500 கிலோ வரையான டீசல் வண்டி, அங்கே ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2016-க்கு முந்தைய டீசல் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை இதில் சிக்குகின்றன. வெளியூரில் மலிவாகக் கிடைக்கும் பழைய வண்டியின் பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் சோதித்த பிறகே பேரம் பேசுங்கள்.

இங்கும் சுமைக் கணக்கு கடுமையானதே. 3500 கிலோ எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே பல மாதிரிகளில் மிகக் குறைந்த சுமைக்கே இடம் விட்டிருக்கிறார்கள். பயணிகள், மிதிவண்டிகள், முன்னிழல் துணி, நிரம்பிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்தால் எல்லை எளிதில் மீறப்படும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதால், தளத்துக்குப் போய் நிரப்பிக்கொள்வதே நல்லது. சில வண்டிகளின் உச்ச எடையைத் தகுந்த சான்றோடு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் 3500-ஐத் தாண்டினால் ஓட்டுபவரின் உரிமம் இடம்கொடுக்க வேண்டும்.

எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட, எத்தனை இருக்கைகளில் முறையான சீட் பெல்ட் இருக்கிறது என்பதே முக்கியம். ஆறு படுக்கைகளும் நான்கு பெல்ட்களும் கொண்ட வண்டிகள் உண்டு. எம்ஓடி தவிர, எரிவாயு, மின்சாரம், ஈரம் ஆகியவற்றைச் சோதிக்கும் ‘ஹாபிடேஷன் செக்’ ஆண்டுதோறும் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். வாங்குமுன் அதே அளவுள்ள வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். படுக்கையின் நீளமும், இரவில் எழுந்தால் யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

மின்சாரம், எரிவாயு, வெப்பம்

தளங்களில் கிடைக்கும் 230 வோல்ட் இணைப்பு பொதுவாக 10 அல்லது 16 ஆம்பியர். 10 ஆம்பியர் என்றால் ஒரே நேரத்தில் 2300 வாட்தான். 700 வாட் ரைஸ் குக்கரும் 1000 வாட் ஹீட்டரும் சேர்ந்து ஓடும். அவற்றோடு வீட்டுக் கெட்டிலைப் போட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். குறைந்த வாட் கெட்டில் ஒன்று மலிவான, பயனுள்ள மேம்பாடு. 25 மீட்டர் மின்கம்பியைச் சுருளிலேயே விட்டுவைத்துப் பயன்படுத்தினால் அது சூடேறி உருகக்கூடும். முழுவதையும் அவிழ்த்து வண்டிக்கடியில் தளர்வாகப் பரப்ப வேண்டும்.

இணைப்பில்லாத சிறு தளங்களை விரும்புபவர்களுக்கு பேட்டரி முக்கியம். ஈய பேட்டரியின் கொள்ளளவில் பாதியை மட்டுமே கெடுதலின்றிப் பயன்படுத்தலாம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி அதில் பாதி எடையோடு, ஏறத்தாழ முழுக் கொள்ளளவையும் தருகிறது. உறைநிலைக்குக் கீழே மட்டும் அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது. லித்தியத்துக்கு மாறும்போது சார்ஜரும் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். யூரோ 6 எஞ்சின் கொண்ட வண்டிகளின் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துவிடுவதால், பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் தனிச் சார்ஜர் இல்லாமல் ஓட்டத்தில் சரியாக ஏறாது. 100 வாட் சூரியத் தகடு ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கையே எதிர்பார்க்கலாம்.

எரிவாயுவில் பியூட்டேன் உறைநிலையை நெருங்கும்போதே ஆவியாவது நின்றுவிடும். புரொப்பேன் −42 பாகை வரை ஆவியாகும். மார்ச், அக்டோபர் மாதங்களில் புரொப்பேன் இல்லாமல் புறப்படாதீர்கள்.

ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். மழை பெய்கிறது என்று அடுப்பையோ, அணைந்ததுபோலத் தெரியும் கரி பார்பிக்யூவையோ கூடாரத்துக்குள்ளும் மூடிய முன்கூடாரத்துக்குள்ளும் கொண்டுவரக் கூடாது. கரி சாம்பல் பூத்த பிறகும் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது; அதற்கு மணமில்லை, உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே மயங்கிவிடுவார். கூடாரமோ வண்டியோ, எதில் தங்கினாலும் அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் ஒன்று உடன் இருக்கட்டும். தாளிப்பையும் பொரியலையும் வெளியே, பக்கங்கள் திறந்த கூரைநிழலில் வைத்துக்கொண்டால் மெத்தைத் துணியில் எண்ணெய்ப் புகையும் படியாது.

முதல் பயணம்

வாங்கியதையோ மாற்றியமைத்ததையோ நேராகக் கார்ன்வாலுக்கோ ஸ்கைத் தீவுக்கோ கொண்டுபோகாமல், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு இரவுகள் தங்கிப் பாருங்கள். 1901-இல் தோன்றிய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப், 1907-இல் தோன்றிய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் ஆகிய இரண்டுக்கும் நாடெங்கும் தளங்கள் உள்ளன. கேரவன் ஓட்டவும் பின்னோக்கி நிறுத்தவும் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. பண்ணைகளில் ஐந்து வண்டிகளுக்கு மட்டும் இடம்தரும் சிறு தளங்களும் இவற்றின் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும். அமைதியாகப் பழகிக்கொள்ள அவை ஏற்றவை. அடுத்தவரிடமிருந்து தீப் பாதுகாப்புக்காக 6 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதை நினைவில் வைத்து நிறுத்துங்கள்.

அந்த இரண்டு இரவுகளில் பயன்படுத்தாத பொருள்களைத் திரும்பியதும் இறக்கிவிடுங்கள். பிறகு, நீண்ட பயணத்துக்கு ஏற்றுவதைப்போலவே எல்லாவற்றையும் ஏற்றி, அருகிலுள்ள பொது எடைமேடையில் நிறுத்தி எடுத்த சீட்டைத் தகட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.